சிப்பி பிடித்த மூன்றாம் தூண்

பாலம் வருவதற்கு முன்னால் சுவான்கோ ஊரில் ஆற்றைக் கடக்கப் போகிறவர்கள் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போவார்கள். திரும்பி வந்தால் மூட்டிக்கொள்ளலாம், வராவிட்டால் விறகாவது மிஞ்சட்டும் என்பது அங்கே வழக்கு. சீனத்தின் தென்கிழக்குக் கரையில், ஆறும் கடலும் ஒன்றையொன்று விழுங்கப் பார்க்கும் கழிமுகம் அது. நாளுக்கு இரண்டு முறை கடல் ஆற்றுக்குள் ஏறி வரும், இரண்டு முறை வற்றிச் சேற்றைக் காட்டிவிட்டுப் போகும், ஏறும்போது படகு கவியும், வற்றும்போது படகு புதையும், இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவர்களைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை.

அங்கே கல்லால் ஒரு பாலம் கட்டும்படி அரசர், வென் என்ற அதிகாரியை அனுப்பினார். வென் நல்லவர், வேலையாட்களின் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பார், கிழவர்களைக் கண்டால் பல்லக்கிலிருந்து இறங்குவார், பாலத்தைத் தவிர வேறு எதையும் அவர் நேசித்ததில்லை. படகின் மூக்கைப் போலக் கூர்ந்த தூண்களை ஆற்றுக்குள் அடுக்கினார்கள். கடல் ஏறும் ஓதத்தில், பாலத்தின் தளமாகப் போகிற பாவுகல்லைத் தெப்பத்தின் மேல் ஏற்றி இரண்டு தூண்களுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தினால், நீர் வற்ற வற்றத் தெப்பம் கீழே இறங்கும், கல் தானாகத் தூண்களின் மேல் உட்கார்ந்துகொள்ளும். கடலையே பாரந்தூக்கியாக வேலை வாங்கிய ஊர் அது. ஆனால் மூன்றாவது தூண் மட்டும் நிற்கவில்லை. இரண்டு முறை கட்டினார்கள், இரண்டு முறையும் ஓதம் அதைப் பிரித்துப்போட்டது.

கல்லைக் கல்லோடு கட்டச் சிப்பியால் முடியும் என்று சொன்னவள் லியென். கழிமுகத்துப் பாறைகளில் சிப்பி பெயர்த்து விற்கிறவள். குஞ்சுச் சிப்பி ஒட்டிய சில்லுகளைக் கல்லிடுக்கில் செருகி வைத்தால், அவை வளர்ந்து ஓட்டோடு ஓடு பின்னி, இரும்பு போட்டும் பிரிக்க முடியாதபடி இறுகிப்போகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் கூத்தன், நாகப்பட்டினத்திலிருந்து மிளகுக் கப்பலில் வந்த கல்தச்சன். காய்ச்சலில் விழுந்தவனைக் கரையில் கிடத்திவிட்டுக் கப்பல் காற்று பார்த்துப் போய்விட, கஞ்சி ஊற்றியவளையே கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். அவன் தமிழ் பேசி அவள் தமிழ் கற்றாள். அவன் அவளை "நீ" என்று கூப்பிட்டதால் அவளும் அவனை "நீ" என்றே கூப்பிட்டாள், அதைத் திருத்த அவனுக்கு மனம் வரவில்லை.

மூன்றாம் முறையாக மூன்றாம் தூணை அடுக்கும்போது ஒரு கல் சரிந்து, கூத்தனை இடுப்பு வரை இன்னொரு கல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது. கடப்பாரை போட்டால் கல் இன்னும் சரிந்து ஆளை இரண்டாக்கிவிடும் என்று எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, லியென் தன் கூடையிலிருந்த சிப்பிச் சில்லுகளை வாரி வாரி அவன் இடுப்பைச் சுற்றியிருந்த இடைவெளியில் திணித்தாள்.

"என்னடி பண்றே?" என்றான் கூத்தன்.

"கல்லு இதுக்கு மேல வராது. தண்ணி வத்தினதும் தட்டி எடுத்துடறேன்."

"அதுவரைக்கும் நான் மூச்சை எங்கே வெச்சுக்கறது?"

அவள் கூடையைக் கவிழ்த்து மிச்சத்தையும் திணித்தாள். நீர் அவன் வாய்க்கு வந்தது, நெற்றிக்கு வந்தது, பிறகு ஆறு ஆறாக மட்டும் இருந்தது. கரையில் பெண்கள் அழுதார்கள். பக்கத்து வீட்டுப் புவா அத்தை, ஊரில் எந்தச் சாவுக்கும் முதல் குரல் அவளுடையதுதான், லியெனின் தலையை மடியில் போட்டுக்கொண்டு, போனவனின் நல்ல குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாடினாள். நீர் வற்றியது. முதலில் முடி தெரிந்தது, பிறகு நெற்றி, பிறகு கண், கண் திறந்திருந்தது. வாய் வெளியே வந்ததும் கூத்தன் கொஞ்சம் தண்ணீரைத் துப்பி, இரண்டு தரம் தும்மி, "பசிக்குது," என்றான்.

புவா அத்தை பாட்டை நிறுத்திவிட்டு, கஞ்சியா சோறா என்று கேட்டாள்.

இரும்புக் கொக்கியை எடுத்துக்கொண்டு லியென் இறங்கப் போனபோது, வென் தூணருகில் மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தார். இரண்டு முறை பிரிந்த தூண், ஒரு முழு ஓதத்தைத் தாங்கி, ஒரு மயிரளவும் அசையாமல் நின்றது. எழுத்தரைக் கூப்பிட்டு அந்தச் சேற்றிலேயே உட்கார வைத்து ஓர் ஆணை எழுதச் சொன்னார், ஈரம் காயும் முன்பே அதைக் கம்பத்தில் அறைந்தார்கள். லியெனுக்கு எழுத்து தெரியாது. புவா அத்தைக்குத் தெரியும்.

"பாலத்துத் தூண்ல இருக்கற சிப்பியை யாரும் தொடக் கூடாதாம்," என்று அத்தை வாசித்தாள். "நல்ல ஆணைதான் பொண்ணே. உன் யோசனையை அரசாங்கமே எடுத்துக்கிட்டிருக்கு."

இப்படித்தான் கூத்தன் மூன்றாம் தூணில் இருக்கத் தொடங்கினான்.

ஒரு வாரம் ஊர் அவனைப் பார்க்கக் கூடியது, இரண்டாம் வாரம் பார்ப்பதை விட்டுவிட்டுப் பயன்படுத்தத் தொடங்கியது. அவன் முகவாய் தெரிந்தால் சந்தை திறக்கலாம், நெற்றி மறைந்தால் வலையை இழுக்கலாம் என்று நேரத்துக்கு ஒரு கணக்கு வந்தது. மணமாகப் போகும் பெண்கள் அவனிடம் இரகசியம் சொன்னார்கள், நாளுக்கு இரண்டு முறை கடல் கழுவும் காதில் எதுவும் தங்காது என்று நம்பினார்கள். கூத்தன் என்ற பெயர் அவர்கள் நாக்கில் நிற்கவில்லை. தூணின் கணக்கை வைத்து மூன்று என்று கூப்பிட்டார்கள், அவனும் திரும்பினான். சிப்பி அவன் இடுப்பிலிருந்து விலாவுக்கு ஏறியது, தூணிலிருந்து அடிமண்ணுக்கு இறங்கியது, அடிமண் வழியாக அடுத்த தூணுக்கும் போனது, அப்படிப் போகப் போகப் பாலத்தின் எந்தக் கல் எங்கே அசைந்தாலும் அது அவன் உடம்பில் தெரிந்தது.

"ஆறாந் தூண்ல கிழக்கால ஒரு கல்லு ரெண்டு விரக்கடை இறங்குது," என்று ஒருநாள் சும்மா சொன்னான். போய்ப் பார்த்தார்கள். இறங்கியிருந்தது.

அன்றிலிருந்து, நீர் இறங்கும் ஒவ்வொரு வற்றிலும் வென் கரையிலிருந்து கேட்பார், "மூன்றே, கல் எப்படி?" அவன் சொல்வான். அவன் சொன்ன இடத்தில் ஆள் போவார்கள். ஒரே ஒருநாள், லியென் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தவன், எட்டாம் தூணில் கல் நழுவுவதை ஒரு மூச்சு தாமதமாகச் சொன்னான். தெப்பக்காரன் பின் என்பவனுக்கு இரண்டு கால்களும் முழங்காலோடு போய்விட்டன. வென் கூத்தனைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னைத் தினமும் சுமந்துவந்து, கூத்தனின் பார்வை படும் இடமாகப் பார்த்து, கரையில் ஒரு பாயில் உட்கார வைக்கச் சொன்னார், அவ்வளவுதான். பின்னுக்கும் அவன்மேல் கோபமில்லை, வெயில் ஏறினால் தொப்பியை மட்டும் முன்னால் இழுத்துவிட்டுக்கொள்வான். அதற்குப் பிறகு ஏதாவது அசைந்தால் கூத்தனின் வாய் அவனைக் கேட்காமலே கத்தியது. தூக்கத்திலும் கத்தியது, நீருக்கடியிலிருந்தும் அவன் கத்தியது குமிழாக வந்து மேலே உடைந்தது.

அந்த வருஷத்துக் காற்றில் மிளகுக் கப்பல் வந்தது. நாகப்பட்டினத்து அரங்கன் செட்டியார் நாலு பேரோடு சேற்றில் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். தமிழ் கேட்டதும் கூத்தன் அழுதான்.

"அழாதேப்பா," என்றார் செட்டியார். "நம்ம ஊர்ல உனக்கு யார் இத்தனை மரியாதை குடுத்தா? அங்கே நீ நூறு தச்சன்ல ஒருத்தன். இங்கே ஒரு பாலமே உன் பேச்சைக் கேக்குது."

"எசமான், அந்த அதிகாரிகிட்ட ஒரு வார்த்தை..."

"சொல்றேன், சொல்லாமலா? ஆனா இறக்குமதித் துறைக்கும் அவர்தான் அதிகாரி, பாத்துக்கோ." அவன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். அடுத்த ஓதம் அதைக் கழுவியபோது கப்பல் கழிமுகத்தைத் தாண்டியிருந்தது.

வருஷத்துக்கு ஒரு முறையாக லியென் மூன்று முறை வென்னிடம் போனாள். மூன்றாம் முறை அவர் தன் கையாலேயே அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பெரிய பாவுகல் தயாராகிவிட்டது, வசந்தத்தின் பெரிய ஓதத்தில் அது மூன்றாம் தூணுக்கு மேல் ஏறும்; அந்தப் பாரம் உட்கார்ந்த பிறகு தூணின் கற்களுக்கு நடுவே நகம்கூட நுழையாது, அதற்கப்புறம் அவளும் நிம்மதியாக இருக்கலாம் என்றார்.

"அவரை எடுத்துடறேன், ஐயா. அந்த இடத்துல பத்துக் கூடை சிப்பி வெச்சுத் தரேன்."

"சட்டத்தில் இடமில்லையே அம்மா. உயிரோடு இருப்பவன் வேலையில் இருக்கிறான். செத்திருந்தால் அது வேறு. செத்தவனுக்குச் சடங்குதான் சட்டம், அதற்கு மேலே இன்னொரு சட்டம் கிடையாது."

அந்தச் சொல்லை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனாள். செத்தவனுக்குக் கல்லறை உண்டு. வசந்தத்தில் கல்லறை துப்புரவு நாள் உண்டு. அன்றைக்கு ஊரே குன்றுக்குப் போய்ப் பெற்றவர்கள், கொண்டவர்கள் கல்லறையில் புல்லைப் பிடுங்கி, பாசியைச் சுரண்டி, ஒட்டியதையெல்லாம் பெயர்த்துக் கழுவும். அரசரே ஆனாலும் அதைத் தடுக்க முடியாது. இந்த வருஷம் அந்த நாள் பெரிய ஓதத்துக்கு முந்தின நாள்.

"உனக்குச் சாவு எடுக்கப் போறேன்," என்று கூத்தனிடம் சொன்னாள்.

அவன் யோசித்தான். "மேளம் உண்டா?"

"உண்டு."

"அப்ப சரி."

சாவை ஊர் குறையில்லாமல் எடுத்தது. கணவன் பக்கம் ஆளில்லாததால் மூன்றாம் தூணைக் கட்டிய நாற்பது பேரும் துக்கத்துக்குச் சணல் உடை போட்டார்கள். காகிதத்தில் வீடு செய்து எரித்தார்கள். வற்றிய சேற்றில் அவனுக்கு எதிரே வரிசையாக நின்று, அவன் முகத்தைப் பார்த்தபடி அவனுக்காக அழுதார்கள். புவா அத்தை முதல் வருஷம் பாடிய பாட்டில் விட்டுப்போன குணங்களையெல்லாம் சேர்த்துப் பாடினாள், கூத்தனே கேட்டுக் கண்கலங்கினான். சாவுப் பலகாரத்தில் அவனுக்கும் ஒரு தட்டு வந்தது. "எள்ளு கம்மியா இருக்கு அத்தை," என்றான். செத்தவர்கள் பேச்சுக்குப் பதில் சொல்லும் வழக்கம் இல்லாததால் அத்தை அடுத்தவர் தட்டைப் பார்க்கப் போய்விட்டாள். எழுத்தர் ஏட்டில் எழுதினார். வென் வந்து தலை குனிந்து ஊதுவத்தி வைத்தார். லியென் விதவையானாள், தூண் கல்லறையானது.

துப்புரவு நாள் காலையில் ஊர் குன்றுக்குப் போயிருந்தது. கரையில் இரண்டு காவலாட்கள், பாயில் தெப்பக்காரன் பின், வேறு யாரும் இல்லை. லியென் வாளியும் துடைப்பமும் கொக்கியும் எடுத்துக்கொண்டு இறங்கினாள், காவலாட்கள் வழிவிட்டு மரியாதைக்கு எழுந்து நின்றார்கள்.

"துணியை வாயில வெச்சுடு," என்றான் கூத்தன். "என் வாய் என் பேச்சைக் கேக்காது. உனக்குத் தெரியும்."

அவள் தன் தலைத்துணியைச் சுருட்டி அவன் வாயில் திணித்தாள். பெயர்க்கத் தொடங்கினாள். அவள் வைத்த சிப்பி, எந்த ஓடு எதைப் பிடித்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். விலாவை விடுவித்தாள், முதுகை விடுவித்தாள், இடுப்பின் இடப்பக்கம் விட்டது, ஒவ்வோர் ஓடும் பெயரும்போது தோலும் கொஞ்சம் பெயர்ந்தது, நீர் சிவந்து சேற்றில் ஊறியது. ஓதம் திரும்ப இன்னும் நேரமிருந்தது. வலது பக்கத்தில் கடைசிக் கொத்து. அதில் கொக்கியைப் போட்டபோது அவன் கண்கள் பிதுங்கின, முகம் நீலம் பாய்ந்தது. அவனுக்கு மூச்சு முட்டுகிறதோ என்று அவள் பயந்தாள். மூன்று வருஷம் கடலுக்கடியில் மூச்சு முட்டாதவன் என்பது அந்த நிமிஷத்தில் அவள் நினைவில் இல்லை. துணியை இழுத்தாள்.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

"மூன்றில் கல் அசைகிறது," என்று கூத்தன் ஊர்ப் பாஷையில், கரை முழுதும் கேட்கக் கத்தினான். "மூன்றில் சிப்பியைப் பெயர்க்கிறார்கள்."

கத்திய பிறகுதான் அவனுக்குக் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காவலாட்கள் அதற்குள் நீரில் இறங்கியிருந்தார்கள், பழக்கந்தான், அந்தக் குரல் வந்தால் கால் தானாக ஓடும்.

வென் குன்றிலிருந்து, கையில் கல்லறைப் புல்லோடு, நேரே வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"செத்தவன் கத்த மாட்டான் அம்மா," என்றார். "கத்தினான் என்றால் உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருக்கிறான் என்றால் அது கல்லறை இல்லை. கல்லறை இல்லை என்றால் நீ பெயர்த்தது பாலத்தின் சிப்பி."

ஊருக்கு அது சரியாகத்தான் பட்டது. புவா அத்தை மட்டும், அப்படியென்றால் தான் பாடியது வீணா என்று கேட்டாள்.

தண்டனை கடுமையாக இல்லை என்று இன்றைக்கும் சொல்வார்கள். லியென் தென்கரையிலுள்ள தன் வீட்டை விட்டு வடகரையில் வாழ வேண்டும், பாலத்தின் எந்தக் கல்லையும் தொடக் கூடாது, தொட்டால் தொட்டதற்கு ஒரு பிரம்படி. அன்று மாலையே வேறு பெண்கள் கூடை கொண்டுவந்து பெயர்ந்த இடங்களை நிரப்பினார்கள். மறுநாள் பெரிய ஓதத்தில் பாவுகல் வந்தது. நீர் வற்ற வற்றத் தெப்பம் இறங்க, மூன்றாம் தூணிலிருந்து குரல் வந்தது: கிழக்கே ஒரு விரல், இன்னும் அரை விரல், விடு. கல் அவன் தலைக்கு மேல் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. அந்தப் பாலத்தில் அத்தனை சரியாக உட்கார்ந்த கல் வேறில்லை என்றார்கள். மற்றக் கற்களும் ஏறிப் பாலம் முடிந்ததும் படகுகளை உடைத்து விறகாக்கினார்கள், வடகரையிலிருந்து தென்கரைக்குப் போகப் பாலத்தைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று.

கல்லுக்கடியிலிருந்து கூத்தன் இப்போது கடப்பவர்களையும் சொன்னான். பாரம் ஏறியதும் அவன் வாய் சொன்னது: ஒரு மாட்டு வண்டி, உப்பு, இரண்டு பெண்கள், ஒருத்திக்கு மாசம், ஒரு திருடன், மெதுவாக நடக்கிறான். காவலாட்கள் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். கண்ணுக்கு வண்டிக்குள் ஒளிந்தவன் தெரியமாட்டான், மூன்றுக்குத் தெரியும். கண்ணும் குரலும் ஒத்துப்போகாத நாட்களில் ஊர் கண்ணைக் கழுவிக்கொண்டது.

லியென் வடகரைப் படியில் குனிந்து முதல் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"வடகரை முதல் கல்லில் ஒரு கை," என்று தொலைவிலிருந்து குரல் வந்தது. "ஈரம். பெண்."

ஒரு பிரம்படி. அடுத்த வற்றில் மறுபடியும் வந்தாள், மறுபடியும் கையை வைத்தாள். அவன் வாயிலிருந்து அவளைப் பற்றி வரக்கூடிய பேச்சு அது ஒன்றுதான், அதற்கு விலை ஓரடி என்றால் அது அவளுக்கு மலிவாகப் பட்டது. மழையிலும் வந்தாள், காய்ச்சலிலும் வந்தாள். ஊர் இதையும் பழகிக்கொண்டது. பிரம்பு பிளந்தால் புதிது வெட்டி நீரில் ஊறப்போட்டு வைத்தார்கள், காவலாட்கள் முறை போட்டுக்கொண்டு அடித்தார்கள், புதிதாக வேலைக்கு வந்தவனை அவள் முதுகில் அடிக்கப் பழக்கினார்கள். இரண்டு வருஷத்தில் அவளுக்கு நிமிர்ந்து நிற்க வராமல் போயிற்று.

ஒரு வற்றில் கையை வைத்தாள், குரல் வரவில்லை. அழுத்தி வைத்தாள். இரண்டு கைகளையும் வைத்தாள். வராததால் ஒரு காலை எடுத்துக் கல்லின் மேல் வைத்து, மற்றக் காலையும் வைத்து, நின்றாள். பின்னாலிருந்து ஒரு வாத்துக்காரன் ஏறினான். "வாத்து நாற்பது," என்றது குரல், "ஒன்று நொண்டி." அவளைப் பற்றி ஒன்றுமில்லை.

நடந்தாள். முதுகு வளைந்தவளுக்கு அது நீண்ட பாலம். மூன்றாம் தூணுக்கு மேல் வந்ததும் கால் நின்றுவிட்டது. பாவுகற்களுக்கு நடுவே கை நுழையும் அளவு ஓர் இடுக்கு இருந்தது, அதில் வாயை வைத்து, "நான்தான்," என்றாள் தமிழில்.

தென்கரைக் காவலாள் தலையைத் தூக்கினான். பாலத்தின் மேல் ஒரு பெண் குனிந்திருப்பது அவன் கண்ணுக்குத் தெரிந்தது. "மூன்றே," என்று கூவினான். "உன் மேலே யார்?"

கல்லுக்கடியில் ஒரு பெருமூச்சு கேட்டது. அந்த வாயை அவன் எப்படி அடக்கினான், எத்தனை நாள் எதைக் கடித்து அடக்கக் கற்றான் என்று யாருக்கும் தெரியாது.

"யாருமில்லை," என்றான் கூத்தன்.

காவலாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான்.

அவள் தென்கரையில் இறங்கித் தன் வீட்டுக்குப் போனாள். புவா அத்தை அங்கே மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். "அத்தை, வந்துட்டேன்," என்றாள் லியென். அத்தை அவளை வெகுநேரம் பார்த்தாள். வளைந்த முதுகைப் பார்த்தாள், கண் நிறைந்தது, கையைக்கூட நீட்டினாள். பிறகு கையை இழுத்து முந்தியில் துடைத்துக்கொண்டாள்.

"பாலத்து மேல யாரும் வரலைன்னு அவர் சொல்லிட்டாரே," என்றாள், யாரிடமும் சொல்லாததுபோல. மீன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், காலி வீட்டுக் கதவைச் சாத்துவதுபோலச் சாத்தினாள்.

சந்தையில் அவளுக்கு யாரும் விற்கவில்லை, அவள் எடுத்துக்கொண்டபோது யாரும் தடுக்கவும் இல்லை. யாரும் அவளை அடிக்கவில்லை. யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒவ்வொரு வற்றிலும் அவள் கஞ்சிக் கலயத்தோடு பாலமேறிப் போய், மூங்கில் குழாயை இடுக்கு வழியாக இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவாள், உப்பு போதுமா என்று கேட்பாள். அந்த நேரம் பார்த்துக் காவலாள், அவன் வேலை அது, கரையிலிருந்து கூவுவான்.

"மூன்றே, உன் மேலே யார்?"

அவள் ஊற்றுவதை நிறுத்திக் காத்திருப்பாள். வாயிலிருந்த கஞ்சியை விழுங்கிவிட்டு அவன் சொல்வான், "யாருமில்லை."